தருமபுரியிலிருந்து துபாய்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்வி இது: “தம்பி முதல்முறையாகப் பெங்களூரிலிருந்து துபாய் போகிறான். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 2,695, இன்னோரிடத்தில் 1,675, வேறோரிடத்தில் 1,455 என்று வருகிறது. டிக்கெட்டைப் பார்த்தால் போக இரண்டரை மணி நேரம்தான், ஆனால் வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்று தெரிகிறது. எது சரி? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? சேலம் விமான நிலையம் எங்களுக்குப் பக்கமாயிற்றே, அங்கிருந்து போனால் என்ன?”

மூன்று எண்களும் சரிதான். ஒரே தூரத்தை மூன்று அளவில் சொல்லியிருக்கிறார்கள். 2,695 என்பது கிலோமீட்டர். 1,675 என்பது சாலையில் வழங்கும் மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 1,455 என்பது கடல்மைல். கப்பலிலும் விமானத்திலும் புழங்கும் அளவு இது, ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். விமானத்தின் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வதும் இதே அளவில்தான். மணிக்கு ஒரு கடல்மைல் போனால் ஒரு நாட். எனவே எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் அலகு என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்தத் தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம், பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் 13.20 பாகை வட அட்சரேகையிலும் 77.71 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. துபாய் விமான நிலையம் 25.25 பாகை வடக்கு, 55.36 பாகை கிழக்கு. அட்சத்தில் வித்தியாசம் 12.05 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், ஆக வடக்கே 1,338 கிலோமீட்டர். தீர்க்கத்தில் வித்தியாசம் சுமார் 22.34 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும் என்பதால் இங்கே 111-ஐ அப்படியே பெருக்கக் கூடாது; இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள அட்சத்தின், அதாவது 19.2 பாகையின், கொசைன் மதிப்பான 0.944-ஆலும் பெருக்க வேண்டும். மேற்கே 2,341 கிலோமீட்டர் வரும். இனி பிதாகரஸ் தேற்றம்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,696. பூமியின் உருண்டையைக் கணக்கில் கொண்ட முழுச் சூத்திரம் 2,695 தருகிறது. ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். வளைகுடா, கொழும்பு, டெல்லி போன்ற தூரங்களுக்கு இந்த எளிய கணக்கே போதும்.

அமெரிக்காவுக்கு இது செல்லாது. அங்கே பூமியின் வளைவு ஆட்டத்தையே மாற்றிவிடும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு இடைநில்லாமல் முதல் விமானத்தை விட்டபோது, முழுக்கப் பெண் விமானிகள் ஓட்டிய அந்த விமானம் வடதுருவத்தின் மேலாகப் பறந்து வந்தது. தட்டையான உலகப் படத்தில் பார்த்தால் சுற்றுவழி போலத் தோன்றும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நூல் பிடித்து இழுத்தால் நூல் வடக்கே ஏறிப் போவது தெரியும். அதுதான் குறுக்குவழி, சுமார் 14,000 கிலோமீட்டர். துபாய் வழியிலும் இந்த வளைவு உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. பெங்களூரிலிருந்து நூல் வடமேற்கே போய், கோவாவை ஒட்டி அரபிக்கடலுக்குள் இறங்கி, ஓமன் மேலாகத் துபாயைத் தொடும்.

விமானம் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. பெங்களூரின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காக, தலா 4,000 மீட்டர் நீளத்தில் போடப்பட்டவை. காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் மேற்கு நோக்கியே ஏறும், துபாய் திசையும் கிட்டத்தட்ட அதுவே. ஐப்பசிக்குப் பிறகு காற்று கிழக்கே திரும்பிவிடும். அப்போது கிழக்கு நோக்கி ஏறி, ஊரைச் சுற்றித் திரும்பி மேற்கே போக வேண்டும். இதில் சில நிமிடங்கள் போகும். அதன் பின் வான்வழித் தடங்கள் என்று குறித்து வைத்த பாதைகள், இராணுவப் பகுதிகளை விலக்கிப் போவது, துபாய் நெருங்கும்போது வரிசையில் நிற்பதற்காக வட்டமடிப்பது எல்லாம் சேர்ந்து, உண்மையில் பறக்கும் தூரம் 2,800 கிலோமீட்டர் அளவுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் நாட்டு விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பெங்களூரு–துபாய் நூல் பாகிஸ்தானைத் தொடுவதே இல்லை. அதனால் டெல்லி பயணிகள் சொல்லும் தாமதக் கதையை நம் வழிக்குப் பொருத்திக் கவலைப்பட வேண்டாம்.

இனி நேரம். 2,695-ஐ விமானத்தின் வேகமான 900-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம் வரும். டிக்கெட்டில் நான்கு மணி நேரம் போட்டிருப்பார்கள். நடுவில் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் அன்று. விமானம் வாயிலை விட்டுப் பின்னே நகரும் நொடியிலிருந்து, அந்தப் பக்கம் வாயிலில் போய் நிற்கும் நொடி வரை உள்ள நேரம். பெங்களூரில் ஓடுபாதை வரை ஊர்ந்து போய் வரிசையில் நிற்க 15 முதல் 20 நிமிடம், துபாயில் இறங்கி வாயிலுக்குப் போக 10 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்பது பொது விதி. 36,000 அடியில் பறக்கும் விமானம் இறங்குமிடத்துக்கு சுமார் 200 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்கும். இந்த மெதுவான பகுதிகளில் இன்னொரு 10 நிமிடமாவது போகும்.

விமானத்தின் வகையும் நேரத்தை மாற்றும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கில் பறப்பவை, மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். போயிங் 777 போன்ற பெரிய விமானம் 0.84 பங்கில் போகும், மணிக்கு 900 பக்கம். எமிரேட்ஸ் 2022 அக்டோபர் 30 முதல் பெங்களூருக்கு இரட்டை மாடி ஏ380-யையும் விட்டது. அதன் வேகமும் 777-ஐ ஒட்டியதே. சின்ன விமானத்துக்கும் பெரியதற்கும் இந்த வழியில் 15 நிமிட வித்தியாசம் வரும். டிக்கெட் விலையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் அந்தக் கால் மணி நேரத்துக்காகக் காசு கொடுப்பது வீண்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆள் காற்று. வடக்கே 25 முதல் 30 பாகை அட்சத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. மார்கழி, தை மாதங்களில் அது தெற்கே இறங்கி வலுக்கும். துபாய் 25 பாகையில் இருப்பதால் பயணத்தின் பின்பாதி அதன் ஓரத்தில் போய் மாட்டும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். போகும்போது தரை வேகம் 840. 2,800 கிலோமீட்டருக்கு 3 மணி 20 நிமிடம். வரும்போது 960, 2 மணி 55 நிமிடம். இரண்டோடும் மேலே சொன்ன மெதுவான பகுதிகளையும் ஊர்ந்து போவதையும் சேர்த்தால் போக நான்கு மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். தூரம் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான், காற்று மட்டும்தான் அரை மணி நேரத்தைத் தின்கிறது அல்லது தருகிறது.

ஆனி முதல் ஆவணி வரை இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மேற்குக் காற்றாறு வடக்கே இமயமலைக்கு அப்பால் ஒதுங்கிக்கொள்ள, தென்னிந்தியாவின் மேலே அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு உருவாகும். 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதி உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், விமானத்துக்கு மேலே இருக்கும். ஆனாலும் விமான உயரத்திலும் கிழக்குக் காற்றே வீசும். தரையில் தென்மேற்குக் காற்று மரத்தை வளைக்கும் அதே நாளில், பத்துக் கிலோமீட்டர் மேலே காற்று எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். துபாய் போகிறவருக்கு அப்போது முதல் பாதி வழி லேசாகக் கைகொடுக்கும்.

தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தால் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். முன் இருக்கைத் திரையில் உயரம் காட்டினால், போகும்போது 34,000, 36,000 போன்ற இரட்டைப்படை ஆயிரங்களிலும், வரும்போது 35,000, 37,000 போன்ற ஒற்றைப்படையிலும் இருக்கும். எதிரெதிராக வரும் விமானங்களுக்குள் எப்போதும் ஆயிரம் அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பதற்காக மேற்கே போகிறவற்றுக்கு இரட்டை, கிழக்கே போகிறவற்றுக்கு ஒற்றை என்று பிரித்திருக்கிறார்கள்.

இப்போது டிக்கெட் குழப்பம். டிக்கெட்டில் எந்த ஊர் நேரம் போட்டிருக்கிறதோ அது அந்தந்த ஊரின் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே. காலை 10.00-க்குக் கிளம்பி 12.30-க்குச் சேரும் என்றால், வித்தியாசமான இரண்டரை மணியோடு ஒன்றரையைக் கூட்டுங்கள், நான்கு மணி நேரம். திரும்பும்போது அதிகாலை 3.00-க்குக் கிளம்பி 8.10-க்குப் பெங்களூர் என்றால், ஐந்து மணி பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரையைக் கழியுங்கள், 3 மணி 40 நிமிடம். மேற்கே போனால் கூட்டு, கிழக்கே போனால் கழி. குவைத், கத்தார், சவுதிக்கு இரண்டரை மணி நேரம் இதே முறையில். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. அங்கே போகும்போது கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும்.

நேரத்தைவிடத் தேதியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ‘15-ஆம் தேதி ராத்திரி பயணம்’ என்று வீட்டில் பேசிப் பழகி, 15-ஆம் தேதி மாலை கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். காசும் திரும்ப வராது. டிக்கெட் கையில் வந்ததும் முதல் வேலையாக நாட்காட்டியில் ‘14 மாலை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்’ என்று எழுதி மாட்டுங்கள். விமானம் கிளம்பும் தேதியை எழுதாதீர்கள்.

விமான நிறுவனங்களின் கால அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். ஆகஸ்டில் எடுத்த நவம்பர் டிக்கெட்டில் நேரம் நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏஜென்ட் தன் மின்னஞ்சலையும் தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தால் மாற்றச் செய்தி அவருக்குத்தான் போகும். பயணத்துக்கு மூன்று நாள் முன்பும், முந்தின நாளும் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு நீங்களே பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்பதற்கு வருவோம். ஆகாயத்தில் நான்கு மணி நேரம் என்பது ஓரளவு நிலையானது. தரைதான் நிலையில்லாதது. தருமபுரி நகரத்துக்கும் பெங்களூரு விமான நிலையத்துக்கும் வான்தூரம் சுமார் 129 கிலோமீட்டர். சாலையில் அது 170-ஐத் தாண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வான்தூரம் 93, சாலையில் 125-க்கு மேல். ஓசூரிலிருந்து 52, சாலையில் 75-க்கு மேல். விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாமோ தெற்கிலிருந்து வருகிறோம். ஊர் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டியிருப்பதுதான் நமக்கு வாய்த்த சிக்கல்.

பாலக்கோட்டுக்காரர்கள் கிருஷ்ணகிரி சுற்ற வேண்டியதில்லை. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 844 உங்கள் வாசலிலேயே போகிறது. தருமபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணத்துக்காரர்களுக்கு கிருஷ்ணகிரி, சூளகிரி வழியே வசதி. எப்படிப் போனாலும் மாநில எல்லையான அத்திப்பள்ளியில் வந்து சேர வேண்டும். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், சில்க் போர்டு, ஹெப்பாள், அதன்பின் நேரே விமான நிலையம். இது இரவு பத்தரைக்கு மேலும் விடியற்காலை ஆறரைக்குள்ளும் மட்டுமே நல்ல வழி. அந்த நேரத்தில் தருமபுரியிலிருந்து மூன்றரை மணி நேரம், கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டரை மணி நேரம் போதும். காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஐந்து முதல் பத்து மணிக்குள் சில்க் போர்டையோ ஹெப்பாளையோ தொட்டால் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் போகும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரங்களில் ஓசூரிலேயே பிரிந்து பாகலூர், மாலூர், ஒசகோட்டை, புடிகெரே வழியாக விமான நிலையத்தின் பின்பக்கமாகப் போவது கிலோமீட்டர் கூடினாலும் நிம்மதியானது. சாலை குறுகலான இடங்கள் உண்டு, இருட்டில் புதிய ஓட்டுநருக்கு வேண்டாம்.

விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காலை 10.00 விமானம் என்றால் வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன், 7.00-க்கு முனையத்தின் வாசலில் நிற்க வேண்டும். ஆறரைக்குள் ஹெப்பாளைத் தாண்டியாக வேண்டும். ஆக தருமபுரியில் 3.00-க்குக் கார் கிளம்ப வேண்டும். நான்கரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி தாமதம் இரண்டரை மணி ஆகிவிடும், ஏனென்றால் நெரிசலுக்குள் நேராகப் போய் விழுவீர்கள். அதிகாலை 4.00 விமானம் என்றால் 1.00-க்கு வாசலில், தருமபுரியில் இரவு எட்டேமுக்காலுக்குக் கிளம்பினால் சில்க் போர்டு வரும்போது கூட்டம் அடங்கியிருக்கும், பன்னிரண்டரை வாக்கில் போய்விடலாம். செக்-இன் கவுன்ட்டரை வெளிநாட்டு விமானங்களுக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டின் அடியில் எழுதியிருக்கும். விமானம் வாசலில் நின்றுகொண்டிருந்தாலும் மூடிய கவுன்ட்டர் திறக்காது.

வாடகைக் காரில் போனால் அகில இந்திய சுற்றுலா பர்மிட் உள்ள வண்டியா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லாவிட்டால் அத்திப்பள்ளியில் கர்நாடக வரி கட்ட நிற்க வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பேருந்து பிடிக்கலாம். மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, சில்க் போர்டு நெரிசலை அது தாண்டிவிடும். ஆனால் விமான நிலையம் வரை போகாது, இரண்டு பெரிய பெட்டியோடு ஏறி இறங்குவது சிரமம். இறங்கும்போது ‘டி-2’ என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். 2023 செப்டம்பர் 12 முதல் வெளிநாட்டு விமானங்கள் அனைத்தும் இரண்டாம் முனையத்திலிருந்துதான் போகின்றன.

நேரம் போட்டுப் போயும் கவுன்ட்டரில் தடுத்து நிறுத்தப்படுகிறவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது ‘குடியகல்வுச் சோதனை தேவை’ என்று குறித்திருப்பார்கள். அவர்கள் வேலை விசாவில் ஐக்கிய அரபு அமீரகம் போக, குடியகல்வு அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். நம் மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போகிறவர்களில் பலருக்கு இது பொருந்தும். பயணத் தேதி குறிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

சேலம் பற்றிக் கேட்டீர்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள அந்த நிலையம் தருமபுரியிலிருந்து சாலையில் சுமார் 45 கிலோமீட்டர்தான். தூரத்தில் அதை அடிக்க ஆளில்லை. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2023 அக்டோபரில் விமான சேவை மீண்டும் தொடங்கியது. ஆனால் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். 70 பேர் அளவுக்கு ஏறும் ஏ.டி.ஆர். விசிறி விமானங்களுக்குத்தான் அது ஏற்றது. நேராகத் துபாய் கிடையாது. சென்னைக்கோ வேறு ஊருக்கோ போய் மாற வேண்டும்.

சேலம்–சென்னை வான்தூரம் 265 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அரை மணி நேரத்தில் போய்விட வேண்டும், ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் பக்கம் இருக்கும். ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சென்னையில் வரிசை இவையெல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாத நேரம் என்பதால், குறுகிய பயணத்தில் பாதியை அவையே தின்றுவிடும். சென்னையில் உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு மாற வேண்டும். சென்னை–துபாய் 2,930 கிலோமீட்டர், பெங்களூரைவிட 240 கிலோமீட்டர் கூடுதல், அதற்குக் கால் மணி நேரம்.

இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் மட்டும் சேலம் வழியை யோசியுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், சேலம் விமானம் தாமதமாகித் துபாய் விமானம் தவறினாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டி எடையிலும் அடி விழும்: வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ அனுமதித்தாலும், உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான், மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் காசு. தொப்பூர் கணவாயையும் மறக்க வேண்டாம். லாரி ஒன்று கவிழ்ந்தால் அந்த இறக்கத்தில் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். 45 கிலோமீட்டர்தானே என்று கடைசி நேரத்தில் கிளம்பக் கூடாது. பர்கூர், ஊத்தங்கரைக்காரர்களுக்கு வேலூர் வழியாகக் காரில் சென்னை போவது நல்ல மாற்று. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், நாலரை மணி நேரம், பெங்களூரின் குறுக்கே போகும் தலைவலி இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஏன் அருகில் பெரிய விமான நிலையம் இல்லை என்பதற்கும் ஒரு தூரக் கணக்குதான் காரணம். 2008-இல் திறந்த பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தத்தில், திறந்து 25 ஆண்டுகள் முடியும் வரை 150 கிலோமீட்டர் வான்தூரத்துக்குள் இன்னொரு பன்னாட்டு நிலையம் வரக் கூடாது என்று இருக்கிறது. 52 கிலோமீட்டரில் உள்ள ஓசூரும், 93-இல் உள்ள கிருஷ்ணகிரியும், 129-இல் உள்ள தருமபுரியும் அந்த வட்டத்துக்குள். சேலம் நிலையம் 162, வட்டத்துக்கு வெளியே. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு நிலையம் ஓசூரில் வரும் என்று தமிழக அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது. ஒப்பந்தக் கட்டுப்பாடு 2033 வரை உண்டு. ஓசூரில் அப்படி ஒன்று வந்தால் துபாய் தூரம் பெரிதாக மாறாது, ஆனால் பாலக்கோட்டிலிருந்து நெரிசலே தொடாமல் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

டிக்கெட்டில் ‘துபாய்’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள். டி.எக்ஸ்.பி. என்றால் நகரத்துக்குள் இருக்கும் பழைய நிலையம். டி.டபிள்யூ.சி. என்றால் தெற்கே தள்ளி உள்ள அல் மக்தூம். எஸ்.எச்.ஜே. என்றால் ஷார்ஜா, ஏ.யு.எச். என்றால் அபுதாபி, அபுதாபியிலிருந்து துபாய்க்கு மேலும் 130 கிலோமீட்டர் அளவுக்குச் சாலையில் போக வேண்டும். அழைத்துப் போக வரும் கம்பெனி ஆளுக்கு நிலையத்தோடு முனையத்தின் எண்ணையும் அனுப்பிவிடுங்கள். எமிரேட்ஸ் என்றால் மூன்றாம் முனையம், மற்றவை பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு.

தம்பி திரும்பும் நாளில் விமானம் காலை 8.10-க்குப் பெங்களூரைத் தொடும் என்றால், குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்பதே கால் ஆகும். அந்த நேரத்தில் ஹெப்பாள் பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டாம்; புடிகெரே, ஒசகோட்டை, மாலூர், பாகலூர் என்று ஓசூர் வந்து ராயக்கோட்டை சாலையைப் பிடியுங்கள். மார்கழி விடியற்காலையில் தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கினால் விமானம் வட்டமடிக்கும், சில நாள் சென்னைக்குக் கூடத் திருப்பி விடுவார்கள். அதனால் கார் ஓட்டுநர் வீட்டிலிருந்து கிளம்பும் முன் துபாயில் விமானம் ஏறிவிட்டதா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். அம்மாவிடம் சாப்பாட்டு நேரம் சொல்லும்போது, தரையிறங்கும் நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள்.